போஸ்டரில் இருந்தவர்கள் மேடைக்கு வரவில்லை: டிக்கெட் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

நகரத்தில் நடக்கும் சுயாதீன இசை நிகழ்ச்சிகளுக்கும் ஸ்டாண்ட்-அப் நகைச்சுவை நிகழ்ச்சிகளுக்கும் விரும்பிச் செல்பவர்களை எச்சரிப்பதற்காக இதை எழுதுகிறேன். கடந்த மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, எனக்கு மிகவும் பிடித்த நால்வர் இசைக்குழு ஒன்றும், நேரில் பார்க்க வேண்டும் என்று நான் மூன்று ஆண்டுகளாகக் காத்திருந்த நகைச்சுவைக் கலைஞர் ஒருவரும் ஒரே மேடையில் தோன்றுவார்கள் என்று விளம்பரம் செய்யப்பட்ட நிகழ்ச்சிக்கு, நானும் என் தங்கையும் அவளுடைய தோழிகள் இருவரும் சென்றிருந்தோம். குழுவும் வரவில்லை, கலைஞரும் வரவில்லை. அது அவர்களுடைய தவறன்று. அவர்களை யாரும் அழைக்கவே இல்லை.

விளம்பரம் இன்ஸ்டாகிராமில் என் கண்ணில் பட்டது. குழுவின் படம் உண்மையானது. அவர்களுடைய சொந்தப் பக்கத்திலிருந்தே எடுத்துப் போடப்பட்டிருந்தது என்பதைப் பிறகுதான் ஒப்பிட்டுப் பார்த்து அறிந்தேன். பெயர்கள் பெரிய எழுத்தில் இருந்தன. படத்தின் அடியில், பெரிதாக்கிப் பார்த்தால் மட்டுமே படிக்கக்கூடிய அளவில், 'கலைஞர் பட்டியல் மாறக்கூடும்' என்ற ஒரு வரி இருந்தது. யாருக்கும் உடல்நலம் கெடலாம், விமானம் தாமதமாகலாம் என்பதால் நேர்மையான ஏற்பாட்டாளர்களும் இந்த வரியைச் சேர்ப்பது வழக்கம். அதனால் எனக்கு ஐயம் எழவில்லை.

எனக்கும் தங்கைக்குமான இரண்டு டிக்கெட்டுகளை முன்பதிவுத் தளத்தில் வங்கி அட்டை மூலம் வாங்கினேன். பணம் செலுத்தும் கடைசிப் பக்கத்தில்தான் முன்பதிவுக் கட்டணம், சேவைக் கட்டணம் என்று இரண்டு தொகைகள் கூடின. நேரடி நிகழ்ச்சிகளின் டிக்கெட் விலையைக் கட்டாயக் கட்டணங்கள் எல்லாம் சேர்த்து முதலிலேயே காட்ட வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 2025 மே 12 முதல் நடப்பில் இருக்கிறது. எல்லா நாடுகளுக்கும் அது தேவை என்பதே என் எண்ணம். தோழிகள் இருவரும் தாங்களும் வருவதாகச் சொன்னபோது, தளத்தில் 'டிக்கெட்டுகள் விற்றுத் தீர்ந்தன' என்று காட்டியது. போஸ்டரில் இருந்த எண்ணை அழைத்தேன். பேசியவர், விருந்தினர்களுக்காக ஒதுக்கிய டிக்கெட்டுகளில் இரண்டைக் குறைந்த விலைக்குத் தருவதாகவும், தொகையை நேராகத் தம் கணக்குக்கு அனுப்பிவிடும்படியும் சொன்னார். அனுப்பினேன். இந்தக் கதையில் நான் செய்த பெரிய தவறு இதுதான்.

விற்றுத் தீர்ந்ததாகச் சொல்லப்பட்ட அரங்கில் பாதி இருக்கைகள் காலியாக இருந்தன. அதைவிட மேடையைப் பார்த்தபோதுதான் எனக்கு மனம் கலங்கியது. நால்வர் குழு வாசிக்க வேண்டுமென்றால் டிரம்ஸ் வேண்டும், கிட்டாருக்கும் பேஸ் கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயர்கள் வேண்டும், அவற்றிலிருந்து ஒலிக் கட்டுப்பாட்டு மேசைக்குப் போகும் கேபிள்கள் தரையில் டேப் போட்டு ஒட்டப்பட்டிருக்க வேண்டும். கதவு திறப்பதற்கு முன்பே இவற்றையெல்லாம் வைத்து சவுண்ட் செக் முடித்திருப்பார்கள். அந்த மேடையிலோ ஒரு மைக் ஸ்டாண்டும் ஒரு உயர்ந்த நாற்காலியும் மட்டுமே இருந்தன. "அண்ணா, டிரம்ஸ் எங்கே?" என்று தங்கைதான் முதலில் கேட்டாள். அப்போதே எழுந்து வாசலுக்குப் போய்க் கேட்டிருக்க வேண்டும். நல்லதையே நினைத்து உட்கார்ந்திருந்தேன்.

எட்டு மணிக்குத் தொடங்க வேண்டிய நிகழ்ச்சி எட்டே முக்காலுக்குத் தொடங்கியது. தொகுப்பாளர் வந்து, முதலில் 'புதிய குரல்கள்' என்று அறிவித்தார். அடுத்த ஒரு மணி நேரமும் நடந்தது ஓப்பன் மைக், அதாவது புதியவர்கள் ஏறிப் பேசிப் பழகும் மேடை: ஆளுக்கு ஐந்து நிமிடம், நேரம் முடியும் தறுவாயில் பின்வரிசைக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு. ஓப்பன் மைக்கைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. இன்று பெரிய அரங்குகளை நிரப்பும் நகைச்சுவைக் கலைஞர்கள் பலரும் அங்கிருந்துதான் வந்தார்கள். ஆனால் அதற்குரிய அரங்கும் கட்டணமும் பார்வையாளர்களும் வேறு. மூன்றாவதாக வந்த பெண்ணின் கையிலிருந்த தாள் நடுங்குவது நான்காவது வரிசையில் இருந்த எங்களுக்கே தெரிந்தது. அவர் இரண்டாவது நகைச்சுவையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒருவர் இசைக்குழுவின் பெயரைச் சொல்லிக் கத்த, பலரும் சேர்ந்துகொண்டார்கள். விளக்கு எரியும் முன்பே அவர் மைக்கை வைத்துவிட்டு இறங்கிவிட்டார். பிறகு வாசலில் அவரிடம் பேசினேன். மேடையில் இடம் வேண்டுமென்றால் ஐந்து பேரையாவது டிக்கெட் வாங்கி அழைத்து வர வேண்டும் என்று அவரிடம் சொல்லியிருந்தார்களாம். பெரிய கலைஞர்களுக்கு முன்னோட்டமாகப் பேசப்போகிறோம் என்ற மகிழ்ச்சியில் அவரும் வீட்டாரை அழைத்து வந்திருக்கிறார். ஏமாற்றப்பட்டவர்களில் அவரும் ஒருவர். அந்தக் கூச்சலுக்குப் பிறகு அவர் இன்னொரு மேடையில் ஏறுவாரா என்ற கவலை எனக்கு இன்னும் இருக்கிறது.

பத்து மணிக்கு ஒருவர் மடிக்கணினியைக் கொண்டுவந்து பாட்டுப் போடத் தொடங்கியதும் பலர் எழுந்து வாசலுக்கு வந்தோம். "சார், ஆர்ட்டிஸ்டுக்கு உடம்பு சரியில்லை, கடைசி நேரத்தில் சொன்னார்கள்" என்று அங்கிருந்த இளைஞர் எங்களிடம் சொன்னார். எந்த ஆர்ட்டிஸ்டுக்கு என்று கேட்டால் அவருக்குத் தெரியவில்லை. அவர் அன்று ஒரு நாள் வேலைக்கு வந்தவர். அவரைத் திட்டிப் பயனில்லை.

வீடு திரும்பியதும் இசைக்குழுவின் பக்கத்துக்கு ஒரு செய்தி அனுப்பினேன். மறுநாள் காலையில் அவர்களுடைய டிரம்ஸ் கலைஞரே பதில் எழுதியிருந்தார். அந்த நிகழ்ச்சியைப் பற்றித் தங்களிடம் யாரும் பேசவில்லை என்றும், அன்றிரவு தாங்கள் வேறொரு நகரத்தில் வாசித்துக்கொண்டிருந்ததாகவும், என்னைப் போல இன்னும் பதினொரு பேர் எழுதிக் கேட்டிருப்பதாகவும் சொல்லி, 'மன்னித்துக்கொள்ளுங்கள்' என்று முடித்திருந்தார். தவறே செய்யாத ஒருவர் கேட்ட அந்த மன்னிப்புதான் என்னை மிகவும் வருத்தியது. இத்தகைய குழுக்களுக்குப் பின்னால் பெரிய நிறுவனம் எதுவும் இல்லை. டிக்கெட் வருவாயிலும், நிகழ்ச்சிக்குப் பின் மேசை போட்டு விற்கும் டி-ஷர்ட்டுகளிலும் இசைத்தட்டுகளிலும்தான் அடுத்த பயணத்துக்கான செலவு வர வேண்டும். அவர்கள் பெயரை நம்பிக் கொடுத்த பணம் அவர்களுக்குப் போகவில்லை. ஏமாற்றம் மட்டும் அவர்கள் பெயரில் நிற்கிறது.

பணத்தைத் திரும்பக் கேட்ட படலம் மூன்று வாரம் நீடித்தது. முன்பதிவுத் தளம், தான் டிக்கெட் விற்கும் முகவர் மட்டுமே என்றும், நிகழ்ச்சி ரத்து செய்யப்படாததால் திருப்பித் தருவதை ஏற்பாட்டாளர்தான் முடிவு செய்ய வேண்டும் என்றும் எழுதியது. அரங்கத்தினர், தாங்கள் இடத்தை வாடகைக்கு விட்டதோடு சரி என்றார்கள். ஏற்பாட்டாளருக்கு அனுப்பிய நான்கு மின்னஞ்சல்களுக்கும் பதில் இல்லை. ஐந்தாம் நாள் நிகழ்ச்சிப் பக்கமும் போஸ்டரும் இணையத்திலிருந்து மறைந்தன. மேடையில் யார் ஏறினாலும் 'நிகழ்ச்சி நடந்தது' என்று சொல்லிவிடலாம் என்பதே இந்த ஏமாற்றின் அச்சாணி. அந்த ஓப்பன் மைக் எதற்காக வைக்கப்பட்டது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இறுதியில் உதவியது வங்கிதான். அட்டை மூலம் பணம் செலுத்தியிருந்தால், வாக்களித்த சேவை கிடைக்கவில்லை அல்லது சொன்னதற்கு மாறாக இருந்தது என்று சொல்லி, அட்டையை வழங்கிய வங்கியிடம் சார்ஜ்பேக், அதாவது செலுத்திய தொகையைத் திரும்பப் பெற்றுத் தரும்படி கோரலாம். விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்புகளில் இதற்குப் பொதுவாக 120 நாள் வரை அவகாசம் உண்டு. ஆனாலும் காத்திருக்காமல் உடனே எழுதுவது நல்லது. டிக்கெட் வாங்கும் முன்பே போஸ்டரை ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தங்கைக்கு அனுப்பியிருந்ததால் அது என் கைவசம் இருந்தது. அதோடு டிக்கெட் மின்னஞ்சல், வெற்று மேடையை எட்டே முக்காலுக்கு எடுத்த ஒளிப்படம், இசைக்குழுவின் பதில் ஆகியவற்றை இணைத்து அனுப்பினேன். இரண்டு டிக்கெட்டுகளின் முழுத் தொகையும், அந்த இரு கட்டணங்கள் உட்பட, திரும்பி வந்தது. நேராகக் கணக்குக்கு அனுப்பிய மற்ற இரண்டு டிக்கெட்டுகளின் பணம் வரவில்லை. நானே விரும்பி அனுப்பிய தொகை என்பதால் தங்களால் எதுவும் செய்ய இயலாது என்று வங்கி சொல்லிவிட்டது. காவல்துறையில் புகார் கொடுத்திருக்கிறேன்.

2017இல் பஹாமாஸில் ஃபயர் விழா என்ற பெயரில் நடந்த இசை விழா மோசடியை உலகமே அறியும். அதை நடத்திய பில்லி மெக்ஃபார்லாண்டுக்கு 2018இல் ஆறு ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் கிளாஸ்கோவில், செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய கனவு போன்ற படங்களைக் காட்டிக் குழந்தைகளுக்கான நிகழ்ச்சிக்கு டிக்கெட் விற்றுவிட்டு, பெரிதாக ஒன்றுமில்லாத ஒரு கிடங்குக்குள் குடும்பங்களை அழைத்துச் சென்றதும் பெரிய செய்தியாயிற்று. இருநூறு பேர் அமரும் அரங்கில் நடப்பது யாருக்கும் செய்தியாவதில்லை. இழந்தது சிறு தொகை என்று ஆளாளுக்கு விட்டுவிடுவதால்தான் அதே ஆட்கள் அடுத்த அரங்கைப் பிடிக்கிறார்கள்.

நான் இப்போது ஒன்றை மட்டும் தவறாமல் செய்கிறேன். போஸ்டரில் ஒரு பெயரைப் பார்த்தால், அந்தக் கலைஞரின் சொந்தப் பக்கத்தில் அந்தத் தேதி இருக்கிறதா என்று பார்க்கிறேன். இல்லையென்றால் அவரிடமே எழுதிக் கேட்கிறேன். சிறிய குழுக்களும் வளர்ந்துவரும் நகைச்சுவைக் கலைஞர்களும் பெரும்பாலும் ஓரிரு நாளில் பதில் எழுதிவிடுகிறார்கள், தங்கள் பக்கத்திலேயே சரியான டிக்கெட் இணைப்பையும் தருகிறார்கள். அரங்கத்தின் நிகழ்ச்சி நிரலில் அதே பெயர் இருந்தால் இன்னும் நல்லது. அட்டையில் வாங்க வழியில்லை என்றால் வாங்குவதில்லை.

இந்த வாரம் புதிய பெயர் ஒன்றில், வேறொரு அரங்கத்தில் நடப்பதாக ஒரு போஸ்டர் வந்திருக்கிறது. எழுத்துரு அதே, அடியில் இருக்கும் சிறிய வரி அதே, அழைக்க வேண்டிய எண்ணும் அதே. அதில் படம் போட்டிருக்கும் இரண்டு கலைஞர்களுக்கும் எழுதினேன். ஒருவர் நேற்றிரவு பதில் அனுப்பினார்: அந்தத் தேதியில் தமக்கு எந்த நிகழ்ச்சியும் இல்லையாம்.