சில்வர் பீச் ரோட்டில் மூலிகைச் சாறு வண்டி: ஒரு வருடமாகக் குடித்தவன் சொல்வது

கடலூரில் விடியற்காலை வாக்கிங் போகிறவர்களில் பாதிப் பேருக்கு இந்த வண்டி தெரிந்திருக்கும். மஞ்சக்குப்பத்திலிருந்து தேவனாம்பட்டினம் போகிற வழியில், கடல் கண்ணில் படுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு புங்கமரத்தடியில் நிற்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. ஒரு தள்ளுவண்டி, அதன்மேல் ஆறு எவர்சில்வர் தூக்கு, ஈரத்துணி சுற்றிய ஒரு கூழ்ப்பானை, அவ்வளவுதான். ஒரு அம்மாவும் அவருடைய மகனும் நடத்துகிறார்கள். ஐந்தரைக்கு வந்துவிடுவார்கள், எட்டு மணிக்குள் எல்லாம் காலி. டம்ளர் 20 ரூபாய், கூழ் மட்டும் 25.

எனக்கு 61 வயது, சர்க்கரை வந்து ஒன்பது வருடம் ஆகிறது. நடங்க நடங்க என்று டாக்டர் சொல்லாத தடவை இல்லை, நானும் ஆரம்பிக்காத தடவை இல்லை. நாலு நாள் போவேன், ஐந்தாம் நாள் மழை பெய்யும், ஆறாம் நாள் ஒரு கல்யாணம் வரும், அதோடு நின்றுவிடும். போன வருடம் ஆடி மாதம் பக்கத்து வீட்டுக்காரர் "வாங்க சார், ஒரு டம்ளர் கொள்ளு சூப் குடிச்சிட்டு வரலாம்" என்று கூப்பிட்டார். வாக்கிங் என்று கூப்பிட்டிருந்தால் போயிருப்பேனோ என்னவோ, சூப்புக்குப் போனேன். வீட்டிலிருந்து கடற்கரை கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர், போய் வர 4. இப்போது வருடம் திரும்பிவிட்டது, வாரத்தில் ஐந்து நாளாவது போய்விடுகிறேன்.

நாங்கள் ஐந்தாறு பேர் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம், போகும்போது வண்டியில் நிற்கக் கூடாது, கடற்கரையைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போதுதான் குடிக்க வேண்டும். முதலிலேயே குடித்துவிட்டால் பாதிப் பேர் அங்கேயே உட்கார்ந்து அரசியல் பேசி, அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். கண்ணால் பார்த்துச் சொல்கிறேன்.

சரி, சாறுக்கு வருவோம்.

கொள்ளு சூப்தான் முதல் இடம். மிளகு, சீரகம், நசுக்கிய பூண்டு, மேலே கொத்தமல்லி. அடியில் வெந்த கொள்ளையும் ஒரு கரண்டி போட்டுக் கொடுப்பார்கள், அதை விடாமல் மென்று தின்ன வேண்டும். 100 கிராம் கொள்ளில் 22 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. நடுவயதுக்கு மேல் சதை தானாகவே கரைந்துகொண்டு வருவதால் நம் வயதுக்காரர்களுக்கு இது முக்கியம், ஆனால் புரதம் கொள்ளில்தான் இருக்கிறது, வடித்த தண்ணீரில் சொற்பம். கொள்ளு கொழுப்பைக் கரைக்கும் என்று அங்கே பேசிக்கொள்வதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். உப்பு கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். பிபி இருக்கிறவர்கள் முன்கூட்டியே "உப்பு கம்மி" என்று சொன்னால் தனியாக வைத்திருக்கும் உப்புப் போடாத சூப்பில் கலந்து கொடுக்கிறார்கள், கேட்டால் மட்டும்தான்.

கேழ்வரகுக் கூழ் அருமை. முதல் நாளே புளிக்கவைத்து, நொய் சேர்த்துக் காய்ச்சி, காலையில் மோர் ஊற்றிக் கையால் கரைக்கிறார்கள். சின்ன வெங்காயம், மோர் மிளகாய், சில நாள் வறுத்த கருவாடு ஒரு துண்டு. 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் சுமாருக்குச் சுண்ணாம்புச் சத்து இருப்பதால் எலும்பு தேய்ந்த பெண்களுக்கு நல்லது, என் மனைவி அதற்காகவே குடிக்கிறாள். ஆனால் கூழும் மாவுச்சத்துதான், சர்க்கரைக்காரர்கள் குடித்தால் வீட்டில் இரண்டு இட்லியைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

அருகம்புல் சாறு, வாழைத்தண்டுச் சாறு இரண்டும் சுமார். புத்தம்புதிதாக அரைக்கிறார்கள், மணம் நன்றாக இருக்கிறது, அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியவில்லை. நெல்லிக்காய் நன்று, தேன் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கிட்னி கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் வாழைத்தண்டு, இளநீர் பக்கம் போக வேண்டாம், பொட்டாசியம் ஏறிவிடும்.

சுரைக்காய்ச் சாறு பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். அந்த அம்மா ஒவ்வொரு காயையும் நறுக்கியதும் காம்புப் பக்கத்தில் ஒரு சின்னச் சீவல் எடுத்து நாக்கில் வைத்துப் பார்க்கிறார். பார்த்து, துப்பி, வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் அடுத்த காயைத் தொடுகிறார். ஒருநாள் அரை மூட்டைக் காயில் ஒன்று கசந்தது, அதைத் தனியாக எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார், மாட்டுக்குக்கூடக் கொடுக்கவில்லை. கசக்கிற சுரைக்காயில் குக்கர்பிட்டசின் என்ற நச்சு இருக்கிறது. அந்தச் சாறு குடித்து ரத்த வாந்தி எடுத்து இறந்தவர்கள் நம் நாட்டிலேயே உண்டு. நீங்கள் வீட்டில் போட்டுக் குடித்தாலும் சரி, வேறு எங்கே வாங்கினாலும் சரி, கசந்தால் ஒரு வாய்கூட விழுங்காதீர்கள். உடம்புக்கு நல்லது என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிற பழக்கம் இந்தக் காயிடம் ஆகாது. அந்த ஒரு சீவலுக்காகவே இந்த வண்டிக்கு முழு மார்க் கொடுப்பேன்.

இனி எனக்கு நடந்தது. மாசி மாதம் ஒருநாள் சர்க்கரைக்கு நான் போடுகிற கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு கிளம்பிவிட்டேன். திரும்பும்போது வண்டிக்குப் பத்தடி முன்னால் கை நடுங்க ஆரம்பித்தது, சட்டை முழுக்க வேர்வை, எதிரே வருகிறவர் முகம் சரியாகத் தெரியவில்லை. மயக்கம் என்றுதான் நினைத்தேன். அந்த அம்மா பார்த்ததும் பானையை விட்டுவிட்டு ஓடி வந்தார். "அண்ணே, சுகருக்கு மாத்திரை போடுறீங்களா? உட்காருங்க, பேசாதீங்க, முதல்ல இதக் குடிங்க" என்று அரை டம்ளர் தண்ணீரில் மூன்று ஸ்பூன் சர்க்கரையை விரலாலேயே கலக்கிக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் தெளிந்தது. ரத்தத்தில் சர்க்கரை இறங்கிப் போனதுதான் காரணம். அதன்பிறகு அவரே ஒரு கிண்ணம் கூழ் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். அவருடைய வீட்டுக்காரருக்கும் சர்க்கரை இருந்ததாம். காசு கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார். மறுநாள் டாக்டரிடம் சொன்னதும் மாத்திரையைக் காலைச் சாப்பாட்டோடு போடச் சொல்லி மாற்றிவிட்டார். இந்த வகை மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் சட்டைப்பையில் நாலு குளுக்கோஸ் மிட்டாய் இல்லாமல் வாசற்படி தாண்டாதீர்கள். பாகற்காய்ச் சாறும் இங்கே உண்டு. மாத்திரையோடு வெறும் வயிற்றில் அதையும் குடித்துவிட்டு நடப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

குறை இல்லாமல் இல்லை. வண்டியின் ஓரத்தில் ஒரு அட்டை தொங்குகிறது, முடக்கத்தான் என்றால் மூட்டுவலி போகும், அருகம்புல் என்றால் சர்க்கரை போகும் என்று வரிசையாக எழுதியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு எங்கள் தெருவில் ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தார். அம்மாவிடம் சொன்னேன், மகன் எழுதியது என்றார், அட்டை இன்னும் தொங்குகிறது. கழற்றும்வரை சொல்லிக்கொண்டே இருப்பேன். அப்புறம் டம்ளர் கழுவுகிற வாளித் தண்ணீர் ஏழு மணிக்கு மேல் கலங்கிவிடுகிறது, அதனால் நான் வீட்டிலிருந்தே டம்ளர் எடுத்துப் போகிறேன். எதிரே வடை போடுகிற இன்னொரு கடைக்கும் கூட்டம்தான். என் எடைக்கு அரை மணி நேரம் நடந்தால் செலவாவது 120 கலோரி அளவுதான், இரண்டு மெதுவடை அதைத் தின்றுவிடும்.

மரத்தடியில் தினமும் நடக்கிற இன்னொரு வாதம், ஒரு நாளைக்குப் பத்தாயிரம் காலடி நடக்க வேண்டும் என்பது. போனைத் தூக்கிக் காட்டி, ஏழாயிரம்தான் ஆச்சு என்று வருத்தப்படுகிறார்கள். அந்தப் பத்தாயிரம் 1965-ல் ஜப்பானில் அடி எண்ணுகிற ஒரு கருவியை விற்க வைத்த பெயரிலிருந்து வந்தது, மருத்துவர் யாரும் குறித்துக் கொடுத்ததல்ல. 2022-ல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 6,000 முதல் 8,000 அடி வரை ஆயுளுக்கான பலன் கூடிக்கொண்டு போய், அதற்கு மேல் பெரிதாகக் கூடவில்லை. உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 நிமிடத்திலிருந்து 300 நிமிடம், ஓரளவு மூச்சு வாங்குகிற வேகத்தில். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம். 65-ஐத் தாண்டியவர்கள் வாரத்தில் மூன்று நாள் நிலைதடுமாறாமல் இருக்கிற பயிற்சியும் செய்ய வேண்டும். எங்கள் குழுவில் மூத்தவர் சூப் ஆறும்வரை புங்கமரத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்பார், இப்போது நாங்களும் நிற்கிறோம். ராத்திரி சாப்பிட்டபிறகு தெருவில் பத்து நிமிடம் நடப்பதையும் சேர்த்துக்கொண்டேன், கால் சதை வேலை செய்யும்போது ரத்தத்திலிருக்கிற சர்க்கரையை அதுவே இழுத்துக்கொள்கிறது, காலைச் சர்க்கரையைவிடச் சாப்பிட்டபின் பார்க்கிற அளவில் எனக்கு வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை வண்டி வராது. அன்று நாங்கள் கெடிலம் ஆற்றங்கரையில் செயின்ட் டேவிட் கோட்டை இருந்த பக்கம் போய்விட்டுக் குண்டு உப்பலவாடி வழியாகச் சுற்றி வருவோம். 1690-ல் ஆங்கிலேயர்கள் கோட்டையை மராத்தியரிடம் வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரை இருந்த ஊர்களும் அவர்களுக்கு என்று பேச்சு, அதனால்தான் ஊர்ப் பெயரில் குண்டு. நல்ல நீளமான நடை, நிழல் குறைவு, ஏழுக்குள் முடித்துவிட வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பத்துப் பதினைந்து நாள் வண்டி வராமல் இருக்கும். மார்கழி பிறந்ததும் தூதுவளை சூப் போடுவார்கள், சளிக்கு இதமாக இருக்கும். கூழ் வேண்டுமென்றால் ஆறரைக்குள் போய்விடுங்கள், சில்லறையாக எடுத்துப் போங்கள்.