மூன்று வார விடுப்பும் அப்பாவின் சட்டைப் பொத்தானும்

அப்பாவுக்கு வயது 78. புராஸ்டேட் புற்றுநோய் எலும்புகளுக்குப் பரவி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஆண் ஹார்மோனை அடக்கும் ஊசிக்கு இதுவரை அடங்கியிருந்த நோய் இப்போது அதை மீறத் தொடங்கி, இரத்தத்தில் இந்நோயின் போக்கைக் காட்டும் பி.எஸ்.ஏ. அளவும் இடுப்பு வலியும் சேர்ந்தே ஏறியதால், மூன்று வார விடுப்பில் ஊருக்குச் சென்றேன். திரும்பும் விமானச் சீட்டோடு வருகிறவர்களுக்கு எல்லா முடிவையும் அந்தத் தேதிக்குள் எடுத்துவிட வேண்டும் என்றொரு அவசரம் உண்டு, எனக்கும் இருந்தது.

முதலில் சென்ற மருத்துவமனையில் கோப்பைப் புரட்டிய மருத்துவர், திங்கட்கிழமையே கீமோ தொடங்கலாம் என்று என்னிடம் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அன்று அது எனக்குக் குறையாகத் தோன்றவும் இல்லை.

இன்னொருவரின் கருத்தையும் கேட்கலாம் என்று சென்ற இடத்தில், பரிசோதனை முடிந்து அப்பா சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தாமே போட்டு முடிக்கும்வரை மருத்துவர் பேசாமல் காத்திருந்தார். பிறகு அவரிடமே, “ஐயா, டோசிடாக்சல்ங்கிற கீமோ மருந்தை ஏற்றினால் சிலருக்கு விரல் நுனி மரத்துப் போகும், இந்தப் பொத்தானைப் போட ஆள் தேவைப்படலாம். பரவாயில்லையா?” என்று கேட்டார்.

கீமோ வேண்டாம் என்பதற்காக அவர் அப்படிக் கேட்கவில்லை. 2004இல் வெளிவந்த ஆய்வில், இம்மருந்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெற்றவர்களின் இடைநிலை ஆயுட்காலம் (பாதிப் பேர் அதைத் தாண்டி வாழ்ந்த காலம்) 18.9 மாதங்கள், மைட்டோசான்ட்ரோன் என்னும் பழைய கீமோ மருந்தைப் பெற்றவர்களுக்கு 16.5 மாதங்கள் என்றும், வலி தணிந்தவர்கள் முறையே நூற்றுக்கு 35 பேர், 22 பேர் என்றும் விளக்கினார். ஆகவே கீமோ ஒரு பக்கம், நிம்மதியான வாழ்வு மறுபக்கம் என்று நான் போட்டுவைத்திருந்த தராசே தவறு. வலியைக் குறைப்பதும் அதே மருந்துதான், சோர்வையும் மரமரப்பையும் தருவதும் அதே மருந்துதான். கீமோவால் வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்றபோது, அப்பா அம்மாவைப் பார்த்தார். ஓட வேண்டியவர் அம்மா. நான் அப்போது விமானத்தில் இருப்பேன். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையிலான மூன்று வாரம்தான் என் முழு விடுப்பும் என்பது அப்போதுதான் உறைத்தது.

“முதல்ல இடுப்பு வலி குறையட்டும், அப்புறம் நானே சொல்றேன்” என்றார் அப்பா. வலிக்கும் எலும்புக்கு மட்டும் ஒரே அமர்வில் 8 கிரே (கதிர்வீச்சின் அலகு) அளவு கதிர்வீச்சு தந்தார்கள். வலித் தணிப்புப் பிரிவின் செவிலியர் மார்ஃபின் மாத்திரையின் நேரத்தையும், அதனால் வரும் மலச்சிக்கலுக்கான மருந்தையும் அம்மாவிடம் எழுதிக் கொடுத்து, திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டார். இந்தப் பயணத்தில் நான் கண்ட சிறந்த சேவை அதுவே.

கீமோவைப் பற்றிப் பேச அப்பாவே கேட்டு வாங்கிய தேதி, நான் திரும்பிய பிறகு வருகிறது.