திருநெல்வேலிப் பக்கம் கலங்கரை விளக்கம் பார்க்க எங்கே போகலாம்: முயல் தீவா, மணப்பாடா?

தூத்துக்குடி 1986 வரை திருநெல்வேலி மாவட்டம்தான். அதனால் தூத்துக்குடி முயல் தீவில் இருக்கும் கலங்கரை விளக்கும், திருச்செந்தூர்ப் பக்கம் மணப்பாட்டில் இருக்கும் விளக்கும் ரெண்டும் நம்ம திருநெல்வேலிச் சொத்து.

வரலாறு தேடிப் போகிறவருக்கு நான் முயல் தீவைத்தான் சொல்வேன். தூத்துக்குடியின் பழைய துறைமுகத்தில் ஆழம் குறைவு. பெரிய கப்பல்கள் கரையை நெருங்க முடியாமல் தள்ளி நங்கூரம் போடும். சரக்கைத் தோணிகள் ஏற்றி இறக்கும். இருட்டில் கரை எங்கே என்று மாலுமிக்குக் காட்ட 19ஆம் நூற்றாண்டிலேயே முயல் தீவில் விளக்கு எரிந்தது. 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி கொழும்புக்குக் கப்பல் விட்டதும் இந்தக் கடலில்தான். அதை நினைத்துக்கொண்டே நின்றால் உடம்பு சிலிர்க்கும். இன்று தோணி தேவையில்லை, புதுத் துறைமுகப் பக்கமாகச் சாலையிலேயே போய்விடலாம். காணும் பொங்கலன்று மட்டும் வேண்டாம், கூட்டம் நெரியும்.

மணப்பாடு அழகில் ஜெயிக்கும். மணல் குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம், பக்கத்தில் விளக்கு, கீழே 1542இல் இந்தக் கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கிய குகை. திருச்செந்தூரோடு சேர்த்துப் பார்க்கலாம். வரும் வழியில் உடன்குடியில் கருப்பட்டி வாங்கிக்கோங்க.

இரண்டில் எதற்குப் போனாலும் இருட்டும்வரை இருங்க. ஒவ்வொரு விளக்குக்கும் மின்னும் தாளம் வேறு. அதை எண்ணித்தான் மாலுமி இடத்தை அறிவார். கோபுரத்தில் ஏற அனுமதி உண்டா என்று முந்தின நாளே விசாரித்துவிடுங்க.