மிடில்ஸ்பரோவில் ஒரு டெரஸ் வீடு: ஆறு குளிர்காலம் கழித்து

லண்டனில் இருக்கும் நண்பர்கள் வடகிழக்கு இங்கிலாந்தில் இருக்கும் எங்கள் மிடில்ஸ்பரோ வீட்டு விலையைக் கேட்டால் ஒரு நிமிடம் பேச்சே வராது. 2019 அக்டோபரில் 1,18,000 பவுண்டு, லண்டன் கணக்கில் அடிமாட்டு விலை. மூன்று படுக்கையறை, தெருப்பக்கம் பிதுங்கி நிற்கும் பெரிய ஜன்னல், பின்னால் சிமெண்டு போட்ட சின்னக் கொல்லை. அடுத்த கேள்வி என்ன வரும் என்பதும் தெரியும். "அப்போ அந்த ஊர்ல என்ன கோளாறு?"

நியாயமான கேள்விதான். 1801 கணக்கெடுப்பில் இங்கே இருந்தவர்கள் மொத்தம் 25 பேர். 1829இல் ஜோசப் பீஸ் என்ற தொழிலதிபரும் கூட்டாளிகளும் நிலக்கரி ஏற்றுமதிக்காக டீஸ் ஆற்றங்கரையில் நிலம் வாங்கினார்கள். 1850இல் பக்கத்து எஸ்டன் குன்றுகளில் இரும்புத்தாது கிடைத்ததும் உலைகள் வந்தன. உலைக்கு ஆள் வேண்டும், ஆளுக்கு வீடு வேண்டும். வரிசை வரிசையாகச் செங்கல் வீடுகள் முளைத்தன. சிட்னி துறைமுகப் பாலத்தைக் கட்டிய டார்மன் லாங் இந்த ஊர் கம்பெனி. காரைக்குடிப் பக்கம் என் பெரியப்பா வீட்டு உத்தரத்தில் "டார்மன் லாங், மிடில்ஸ்பரோ, இங்கிலாந்து" என்று பொறித்திருக்கும். சின்ன வயதில் அதை எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறேன், அங்கேயே போய்க் குடியிருப்பேன் என்று நினைத்ததில்லை. 2015இல் பக்கத்து ரெட்காரின் எஃகாலையையும் மூடிவிட்டார்கள். சம்பளம் தந்த வேலைகள் போய் வீடுகள் மட்டும் மிஞ்சிய ஊரில் விலை எப்படி ஏறும்?

மனைவிக்கு இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, எனக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. 2017இல் வந்து, பல்கலைக்கழகம் பக்கம் 550 பவுண்டு வாடகையில் இரண்டு வருடம் இருந்தோம். அந்த இரண்டு வருடத்தில் கற்றது ஒன்றுதான்: இந்த ஊரில் ஏரியா பார்த்து வீடு வாங்கக் கூடாது, தெரு பார்த்து வாங்க வேண்டும். லின்தார்ப் நல்ல ஏரியா என்பார்கள். ஒரு தெருவில் வாசற்படியைக் கழுவித் துடைத்து வைத்திருப்பார்கள். இரண்டு தெரு தள்ளினால் ஜன்னலுக்கு இரும்புத் தகடு அடித்த வீடு, பக்கத்தில் கிழிந்த சோபா. அஞ்சல் குறியீட்டில் ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

ஏஜெண்ட் பகல் பதினொரு மணிக்குத்தான் வீடு காட்டுவார். நான் வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு ஒருமுறை, குப்பை எடுக்கும் நாள் காலையில் ஒருமுறை, நல்ல மழையில் ஒருமுறை அந்தத் தெருவில் நடந்தேன். "ஏங்க, திருடன்னு பிடிச்சுக் குடுத்துடப் போறாங்க" என்றாள் மனைவி. பார்த்தது மூன்று விஷயம்: எத்தனை வீட்டில் வாடகைப் பலகை, பின்சந்தின் இரும்புக் கதவு பூட்டியிருக்கிறதா, மழைநீர் குழாய்க்குள் போகிறதா, சுவரில் வழிகிறதா. மூன்றாவதைப் பக்கத்து வீடுகளில்தான் பார்த்தேனே தவிர, வாங்கப்போகிற வீட்டின் பின்பக்கத்தைப் பார்க்கவில்லை. அதற்கு வருகிறேன்.

வாங்கும் கதை நீளமானது, சுருக்கிச் சொல்கிறேன். ஜூனில் விலை பேசி முடிந்தது, சாவி கையில் வந்தது அக்டோபரில். விற்றவர்கள் வயதான தம்பதி, பங்களா பார்த்துக்கொண்டிருந்தார்கள். (இங்கே பங்களா என்றால் மாடி இல்லாத சின்ன வீடு.) அவர்களுக்கு அது அமையும்வரை நாங்களும் காத்திருந்தோம். ஒப்பந்தம் கைமாறும் நாள்வரை இரண்டு பக்கமும் பின்வாங்கலாம் என்பதால் அந்த நாலு மாதமும் வயிற்றில் புளிதான். விசாவில் இருந்ததால் எங்கள் வங்கி 25 சதவீதம் முன்பணம் கேட்டது. விலை 1,25,000 பவுண்டுக்குக் கீழே என்பதால் அப்போது முத்திரை வரி இல்லை. வக்கீல், வீட்டைப் பற்றிய பதிவுகளைத் தேடும் கட்டணமெல்லாம் சேர்த்து 1,300 பவுண்டு, வீட்டின் நிலையைப் பரிசோதிக்கும் சர்வே 450.

அம்மாவிடம் போனில் "டெரஸ் வீடு" என்றதும், "நல்லதா போச்சு, வத்தல் காயப்போடலாம்" என்றாள். மொட்டைமாடி இல்லையம்மா, பக்கத்து வீடுகளோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்கும் வீடு என்று விளக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. ஆனால் அம்மா காயப்போடுவதைப் பற்றிக் கவலைப்பட்டது சரிதான்.

முதல் ஜனவரியில் அலமாரியை நகர்த்தினேன். பின்னால் வடக்குச் சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கருப்பாகப் பூஞ்சை, மிளகைத் தூவினாற்போல். உள்ளே தொங்கிய பட்டுப்புடவையில் நாற்றம். கீழே சமையலறையில் வேறு விதம்: தரையிலிருந்து இரண்டடிக்குச் சுவர் ஈரம், பூச்சைத் தட்டினால் பொத்தென்று சத்தம். சர்வே அறிக்கையில் "சில இடங்களில் ஈரம் அதிகம், நிபுணரை அணுகவும்" என்று ஒரு வரி இருந்தது. எல்லா வீட்டுக்கும் இப்படித்தான் எழுதுவார்கள் என்று விட்டிருந்தேன்.

ஈரத்துக்கு மருந்து போடும் கம்பெனிக்காரர் வந்து, கருவியைச் சுவரில் குத்தி, பீப் பீப் என்று காட்டினார். சுவரில் துளைபோட்டு ரசாயனம் ஏற்ற வேண்டும், 2,400 பவுண்டு என்றார். பக்கத்து வீட்டுப் பாட்டிதான் காப்பாற்றினார். கணவர் கொத்தனாராக இருந்தவராம். கொல்லைக்கு வந்தவர் சுவரைப் பார்க்கவே இல்லை, தரையைத்தான் பார்த்தார். பழைய வீடுகளில் ஈரம் மேலே ஏறாமல் இருக்கச் சுவரின் அடியில் ஸ்லேட் கல் ஒரு வரிசை வைத்திருப்பார்கள். வெளித்தரை அதற்குக் கீழே ஆறு அங்குலமாவது இருக்க வேண்டும். எங்கள் கொல்லையில் யாரோ சிமெண்டுக்கு மேல் சிமெண்டு போட்டு, ஸ்லேட்டையும் தாண்டி ஏற்றிவிட்டார்கள். மேலே கூரைவிளிம்பில் மழைநீரை வாங்கும் கட்டர் குழாயின் இணைப்பில் ஒழுக்கு வேறு. ஒரு ஆளை வைத்துச் சுவரோரமாகச் சிமெண்டை வெட்டிக் கால்வாய்போல எடுத்துச் சரளை நிரப்பினோம். கட்டருக்கு 90 பவுண்டு, வெட்டும் வேலைக்கு 350. சுவர் காய ஒரு கோடைகாலம் முழுவதும் ஆயிற்று. ரசாயனம் ஒரு சொட்டுகூடத் தேவைப்படவில்லை.

மேலே இருந்த பூஞ்சைக்குக் காரணம் நாங்களேதான். ஒன்பது அங்குல முழுச் செங்கல் சுவர், நடுவில் இடைவெளி கிடையாது, உள்பக்கம் சில்லென்று இருக்கும். காலையில் இட்லி அவிக்கிறோம், குக்கர் நாலு விசில், ரேடியேட்டர்மேல் துணி காய்கிறது. அத்தனை ஆவியும் மாடியேறிப் போய் அந்தச் சுவரில் நீராகிறது. வெளியே காற்றுத் தள்ளும் நல்ல விசிறி ஒன்று, ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்று. டிசம்பரில் அந்த மெஷின் தினமும் இரண்டு லிட்டர் தண்ணீர் பிடிக்கிறது. இட்லி அவிக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்திவைப்பது இப்போது எங்கள் வீட்டுச் சட்டம்.

இன்னொரு செலவும் சொல்ல வேண்டும், மற்றவர்களுக்கு உதவும். சாக்கடை அடைத்துக்கொண்டு பின்சந்தில் பொங்கியது. ஆளைக் கூப்பிட்டு 140 பவுண்டு அழுதேன். பிறகுதான் தெரிந்தது: 2011 அக்டோபரிலிருந்து பல வீடுகளுக்குப் பொதுவான சாக்கடைக் குழாய் தண்ணீர் கம்பெனியின் பொறுப்பு. ஒரு போன் போட்டால் இலவசமாக வந்து எடுப்பார்கள். இதையும் பாட்டிதான் சொன்னார், பணம் கட்டிய மறுநாள்.

மாதத் தவணை முதல் ஐந்து வருடம் 2.3 சதவீதத்தில் 388 பவுண்டு. 2022இல் அரசு வரிக்குறைப்பு அறிவித்த மினி பட்ஜெட்டுக்குப் பிறகு வீட்டுக்கடன் வட்டி 6 சதவீதத்தைத் தாண்டியபோது நாங்கள் பழைய விகிதத்தில் பூட்டியிருந்தோம், தப்பித்தோம். 2024 அக்டோபரில் புதுப்பித்ததில் 4.4 சதவீதம், 468 பவுண்டு. இன்றும் பழைய வாடகையைவிடக் குறைவு. எரிச்சல் தருவது கவுன்சில் வரி, வீட்டு மதிப்பைப் பிரிவு பிரிவாக வைத்து உள்ளாட்சி வாங்குவது. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் டி பிரிவு வீட்டுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் பவுண்டு, இங்கே அதே பிரிவுக்கு இரண்டாயிரத்துக்கும் மேல். ஏழை ஊர்க்காரன் அதிகம் கட்டுகிறான்.

2024 ஆகஸ்ட் 4ஐ விட்டுவிட்டு இந்த அனுபவத்தை எழுத முடியாது. சவுத்போர்ட் என்ற ஊரில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து பல ஊர்களில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு எதிராகக் கலவரம். ஞாயிறன்று இங்கே பார்லிமெண்ட் ரோடு பக்கம் வீட்டு ஜன்னல்களை உடைத்துக்கொண்டு போனார்கள். கார்களை நிறுத்தி, நீ வெள்ளையனா, இங்கிலீஷ்காரனா என்று கேட்டார்கள். மனைவி டூட்டியில் இருந்தாள். நான் முன்னறை விளக்கை அணைத்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். கதவு தட்டும் சத்தம். உயிர் போய்வந்தது. பாட்டி. "என் வீட்டில் வந்து உட்கார், பெட்" என்றார். இந்தப் பக்கம் யாரையும் 'பெட்' என்றுதான் கூப்பிடுவார்கள், நம்மூர் 'கண்ணு' மாதிரி. டீ கொடுத்தார், டிவியை அணைத்துவிட்டார். மறுநாள் காலையில் துடைப்பத்தோடு நிறையப் பேர் கிளம்பி வந்து கண்ணாடியைக் கூட்டினார்கள். எங்கள் தெருவில் ஒன்றும் உடையவில்லை. ஆனாலும் மனைவி இரவு டூட்டி முடிந்து நடந்து வருவதை அன்றோடு நிறுத்திவிட்டாள். இன்றுவரை டாக்ஸிதான். அந்தச் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது?

நல்லவற்றையும் சொல்கிறேன். ஆல்பர்ட் பார்க் நடக்கும் தூரம். 1868இல் திறந்தது, இரும்பு முதலாளி போல்க்கோ ஊருக்குக் கொடுத்தது. தண்ணீர் மென்மை, கெட்டிலில் சுண்ணாம்பு படியாது, டிகாக்ஷன் நன்றாக இறங்குகிறது. ரோஸ்பெரி டாப்பிங் குன்று 320 மீட்டர்தான், ஆனால் ஏறி நின்றால் ஊரே தெரியும். உள்ளூர்க்காரர்கள் உயிரை விடும் பார்மோ (கோழிக்கறியைத் தட்டிப் பொரித்து வெள்ளை சாஸும் சீஸும் போட்டது) எனக்கு ஒருமுறை போதும்.

மறுபடி வாங்குவேனா? இதே தெருவில் என்றால் வாங்குவேன். பாதி விலைக்குக் கொடுத்தாலும் இரண்டு தெரு தள்ளி வாங்கமாட்டேன். போன மாதம் ஓர் ஏஜெண்ட், 1,45,000 போகும் என்று ஒரு துண்டுச்சீட்டைக் கதவுக்குள் போட்டுவிட்டுப் போனார். அதன் பின்பக்கத்தில் மனைவி மளிகை லிஸ்ட் எழுதிவிட்டாள். வியாழக்கிழமை கட்டர் சுத்தம் செய்ய ஆள் வருகிறார். பாட்டி வீட்டையும் சேர்த்தே செய்யச் சொல்லியிருக்கிறேன், அவருடைய கட்டர் ஒழுகினாலும் நனைவது எங்கள் சுவர்தான்.