ஆர்சி கார் பொடிக்கு ஏர்பிரஷ்: மூண்டு வருஷம் பாவிச்ச கதை

2022ல கரண்ட் வெட்டிக்கிட்டு இரிந்த காலத்திலதான் இந்த ஏர்பிரஷ, அதாவது காத்தழுத்தத்தில பெயின்ட்டத் தூவுற பேனை மாதிரிச் சாமான, வாங்கினன். ஊரே காஸுக்கும் பெட்ரோலுக்கும் கியூவில நிக்கக்குள்ள இவர் ஆர்சி எண்டு சொல்ற, ரிமோட்டில ஓடுற விளையாட்டுக் காருக்கு பெயின்ட் அடிக்க சாமான் ஓடர் பண்ணினவர் எண்டு வீட்டில இண்டைக்கும் சொல்லிக்காட்டுற. 0.3 மில்லிமீற்றர் ஊசி, மேல கப் வெச்ச டூயல் அக்ஷன் (ஒரே பட்டனால காத்தும் பெயின்டும் விடுற) ஏர்பிரஷ், அதோட காத்த அமத்தி அனுப்புற, 3 லீற்றர் டாங்க் உள்ள சின்னக் கொம்பிரசர். இதுவரைக்கும் 11 பொடிக்கு, அதாவது கார்ட மேல்கூட்டுக்கு, பெயின்ட் அடிச்சிரிக்கன், அதில நாலு குப்பைக்குப் போன.

தெரியாத ஆக்களுக்குச் சொல்றன், ஆர்சி கார்ட பொடி கண்ணாடி மாதிரித் தெரியிற பொலிகாபனேட் பிளாஸ்டிக், பெயின்ட் வெளியால இல்ல உள்ளுக்குத்தான் அடிக்கிற. அதனாலதான் மட்டக்களப்பு கல்லடிக் கடக்கரை மண்ணில கார் பிரண்டு உருண்டாலும் கீறல் வெளிப்பக்கம் மட்டும் விழும், கலர் தப்பிரும். ஆனா உள்ளுக்கு அடிக்கிற எண்டா எல்லாமே தலைகீழ், முதல் அடிக்கிற கலர்தான் வெளியால முன்னுக்குத் தெரியும், அதால கடும் கலர முதல் அடிச்சிப்போட்டு மறுகாதான் வெளிர் கலர். இது மண்டைக்குள்ள ஏற எனக்கு மூணு பொடி செலவாகின. ஃபுளோரசன்ட் மஞ்சளுக்குப் பின்னால வெள்ளை அடிக்காம நேரா கறுப்ப அடிச்சன், பாசி புடிச்ச கிணறு மாதிரி ஒரு பச்சை வந்திச்சி பாருங்க.

அதவிட மோசம் ஒரு பொடியில போட்ட 27 எண்ட நம்பர். ரெண்டு மணித்தியாலம் குந்தி இரிந்து மாஸ்கிங் டேப்பில நம்பர் வெட்டி, உள்ளுக்கு ஒட்டி, சிவப்பு அடிச்சி, டேப்ப உரிச்சி வெள்ளையும் அடிச்சி, ஓரம் எல்லாம் கத்தி மாதிரி வந்திரிக்கி எண்டு சந்தோசத்தில கார வெளியால திருப்பிப் பாத்தா மருமகன் பக்கத்தில நிண்டு சொல்றான், "மாமா, அம்பியூலன்ஸ் முன்னுக்கு எழுதின மாதிரி இரிக்கி." உள்ளுக்கு ஒட்டுறத்த கண்ணாடியில தெரியிற மாதிரி திருப்பி வெட்டணும் எண்டது அப்பதான் உறைச்சிச்சி.

ஆக முதல் பொடிக்கு மோட்டார் சைக்கிளுக்கு அடிக்கிற பெயின்டும் தின்னரும்தான் பாவிச்சன், செலவு குறையும் எண்டு. தின்னர் பட்ட இடம் வெளிறி, பொடி அப்பளம் மாதிரி ஆகி, முதல் இடியிலயே பெயின்ட் செதில் செதிலா உதிர்ந்திச்சி. பொலிகாபனேட்டுக்கு எண்டே செஞ்ச, வளைஞ்சாலும் வெடிக்காத பெயின்ட்தான் வேணும். டமியா கம்பனிட ஸ்பிரே கேன் வாங்கிற எண்டா பிஎஸ் எண்டு போட்டது, டிஎஸ் எண்டது வேற பிளாஸ்டிக்குக்கு, மாத்தி வாங்கிராதீங்க. அடிக்க முன்னம் பாத்திரம் கழுவுற சோப்பில உள்ளுக்கு நல்லாக் கழுவிக் காய வைங்க, கை எண்ணெய் பட்ட இடத்தில பெயின்ட் புடிக்காது.

ஏர்பிரஷப் பத்தி சொல்ற எண்டா, அடிக்கிறத்த விட கழுவுறதுதான் வேல. பட்டன அமத்தினா காத்து, பின்னுக்கு இழுத்தா பெயின்ட், விடக்குள்ள முதல் பெயின்ட நிப்பாட்டி மறுகா காத்த நிப்பாட்டணும், இல்லாட்டி அடுத்த தரம் அமத்தக்குள்ள துப்பும். கப்புக்குள்ள குமிழி வந்தா பெயின்ட் வெளிய வாற முனை, அந்த நொசில், லூஸ், இல்லாட்டி அடைச்சிரிக்கி. ஒருக்கா நான் சாவியால இறுக்கப் போய் அந்த அரிசி அளவு நொசில்ட புரி முறிஞ்சி போச்சி, புதுசு வர அஞ்சு கிழமை. ஊசி முனை கீழ விழுந்து ஒரு மயிரளவு வளைஞ்சாலும் கோடு சிலந்திக் கால் மாதிரிப் போகும்.

நம்மட ஊர்க் காலநிலைக்கு ரெண்டு கரைச்சல். மாரிக்குள்ள காத்தில உள்ள ஈரம் எல்லாம் கொம்பிரசருக்குள்ள தண்ணியாகும், வடிகட்டி வெச்சிரிந்தும் ஒரு சொட்டு ஹோஸால வந்து நடு பொனட்டில விழுந்த நாள் இரிக்கி. டாங்க்குக்கு அடியில உள்ள வால்வத் திறந்து ஒவ்வொரு நாளும் தண்ணிய விட்ருங்க. டேப்புக்குப் பதிலா பூசி, காஞ்சதும் வெட்டி உரிக்கிற லிக்விட் மாஸ்க்கும் மாரியில ஒரு ராவில காயாது. கச்சான் எண்ட வறண்ட மேல்காத்து அடிக்கிற மாசங்கள்ல எல்லாம் மற்றப்பக்கம், பெயின்ட் ஊசி முனையிலயே காஞ்சி கட்டி புடிக்கும், கொட்டன் பட்ஸ கிளீனர்ல தொட்டு அடிக்கடி துடைச்சாத்தான் போகும். நான் இப்ப காலம்பற ஆறு மணிக்கு, காத்துக் கிளம்ப முன்னம்தான் அடிக்கிற, 20 பிஎஸ்ஐ காத்தழுத்தத்தில, மெல்லிசா, ஒவ்வொரு பூச்சையும் ஹெயார் டிரையரால காய விட்டு. தடிப்பா அடிச்சா டேப்புக்கு அடியால ஓடிரும். தண்ணிப் பெயின்ட்தானே எண்டு முகத்துக்கு மாஸ்க் போடாம மட்டும் இரிக்காதீங்க, மூக்கு சிந்தினா நீலமா வரும்.

வாங்கப் போற ஆக்கள் ஏர்பிரஷுக்குக் காசக் கொட்டாதீங்க, டாங்க் இல்லாத கொம்பிரசர் விட்டு விட்டுத் துடிக்கும், அதுக்குப் பதிலா டாங்க் உள்ளதா வாங்கி, ஊசியும் நொசிலும் ஒவ்வொண்டு மேலதிகமா எடுத்து வைங்க. என்ட ஏர்பிரஷ் மலிஞ்சதுதான், ரெண்டு ஓரிங் (ரப்பர் வளையம்) மாத்தினதோட இன்னும் ஓடுது.

கடைசியா பொடிட வெளிப்பக்கம் ஒட்டி வாற பிளாஸ்டிக் உறைய உரிக்கிற அந்த நிமிசம் இரிக்கே, உள்ள மங்கலாத் தெரிஞ்ச கலர் அப்பிடியே பளிங்கு மாதிரி வெளிய வரும், அதுக்காகத்தான் இவ்வளவும். அந்த 27 பொடிய நான் வீசல்ல. இப்ப அடிச்ச எல்லாம் அதவிட நல்லம், ஆனா கடக்கரைக்குப் போனா மருமகன் அதத்தான் போடச் சொல்லிக் கேக்கான்.