பையில் இருக்கும் பாட்டும் அலமாரியில் இருக்கும் பாட்டும்

2001-இல் வந்த முதல் ஐபாடில் (ஆப்பிளின் கையடக்கப் பாட்டுக் கருவி) 5 ஜிபி இடம் இருந்தது; ஏறத்தாழ 1,000 பாடல்கள் அதில் அடங்கின. அவற்றையே எல்பி எனும் பெரிய வினைல் இசைத்தட்டுகளாக வைத்திருந்தால் ஓர் அலமாரித் தட்டு நிறைந்துவிடும். பயணத்துக்கு எது என்று இதற்குமேல் பேச ஒன்றுமில்லை.

கணினிக் கோப்பாக இருக்கும் பாட்டில் ஒலித்தரம் குறைவு என்று பலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. குறுந்தகட்டில் நொடிக்கு 1,411 கிலோபிட் ஒலித்தரவு. 128 கிலோபிட் எம்பி3 கோப்பு அதில் பதினொன்றில் ஒரு பங்குதான். அந்த இழப்பு காதுக்குத் தெரியும். ஆனால் ஃப்ளாக் (FLAC) என்ற வகைக் கோப்பு எதையும் இழக்காமல் சுருக்குகிறது. ஆகவே, கோப்பு என்றாலே தரக்குறைவு என்பது தவறு.

இசைத்தட்டு என்னைக் கட்டிப்போடுவது வேறு விதத்தில். விளிம்பை மட்டும் பிடித்து உறையிலிருந்து உருவி, தூசியைத் துடைத்து, முள்ளை மெல்ல இறக்குகிறேன். முதலில் சன்னமான கரகரப்பு, பிறகு பாட்டு. ஒரு பக்கம் 20 நிமிடம் போல ஓடும். முடிந்ததும் எழுந்து திருப்பிப்போட வேண்டும். அதனாலேயே ஒரு பாடலையும் தாண்டிப் போவதில்லை. உறையின் பின்புறத்தில் வயலின் வாசித்தவர் பெயரையும் படித்துவிடுகிறேன். கைபேசியில் அதைத் தேடிப் பார்த்ததே இல்லை.

கீறல் விழுந்த தட்டில் ஒரு பாடல் போகும். என் ஹார்ட் டிஸ்க் பழுதானபோது எட்டு வருடச் சேகரிப்பும் ஒரே இரவில் போயிற்று. மாதச் சந்தா சேவைகளிலோ உரிமம் முடிந்தால் பாடல் சொல்லாமல் மறைந்துவிடும்.

இப்போது குறுந்தகடு வாங்கியதும் ஃப்ளாக்காக மாற்றி இரண்டு இடங்களில் சேமிக்கிறேன். தகடு அலமாரிக்குப் போகிறது.