புளூ பிரெஞ்சு புல்டாக், 7,500 வெள்ளி: பினாங்கில் குட்டி தேடுகிறவர்கள் கவனத்துக்கு

பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கம் முகநூலில் புளூ என்கிற நீலச் சாம்பல் நிற பிரெஞ்சு புல்டாக் குட்டிகள் விற்கிற ஒருவர் இருக்கிறார். தமிழர்தான், நன்றாகப் பேசுவார். எங்களிடம் 7,500 வெள்ளி வாங்கிக்கொண்டு, சிப் (தோலுக்கடியில் வைக்கிற அடையாளச் சில்லு) இல்லாத, வம்சாவளிச் சான்றிதழ் இல்லாத, வயதைக் கூட்டிச் சொன்ன, உள்ளே நோய் இருந்த ஒரு குட்டியைத் தலையில் கட்டினார். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வழக்கு இருப்பதால் அவருடைய பெயர், எண் எதையும் இங்கே போடவில்லை. ஆனால் அவர் பேசிய பேச்சைப் போடலாம். இதே பேச்சு வேறு ஆட்கள் வாயிலிருந்தும் வரும், அப்போது உங்களுக்குக் காது நிமிர வேண்டும்.

"அண்ணே, சாதா ஃபான் கலர்னா நாலாயிரத்துக்கே கிடைக்கும். இது புளூ. ரேர். அப்பன் இம்போர்ட். வெளியாளுக்குன்னா பத்தாயிரத்துக்குக் கீழ இறங்க மாட்டேன், நம்ம ஆளுங்கன்னுதான் இந்த ரேட்." இதுதான் முதல் நாள் புலனத்தில் (வாட்ஸ்அப்) வந்த குரல் பதிவு. எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு முடித்த என் மகளுக்கு இந்த இனம்தான் வேண்டும். அவளைச் சொல்லி என்ன, அமெரிக்காவிலேயே முப்பது வருஷத்துக்கு மேல் முதலிடத்தில் இருந்த லாப்ரடாரை 2022 பதிவுக் கணக்கில் கீழே தள்ளியது இந்தச் சப்பை மூக்குக்காரன்தான். முன்பணம் 1,500 வெள்ளியை டூயிட்நவ் இணையப் பணமாற்று வழியாக ஒரு பெண் பெயரில் இருந்த கணக்குக்கு அனுப்பச் சொன்னார். தங்கச்சி கணக்காம். மீதி ரொக்கம். குட்டியைக் கையில் கொடுத்த இடம் ஒரு பேரங்காடியின் கார் நிறுத்துமிடம். தாய் நாயைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதற்கு, "அது கெடாவுல ஃபார்ம்ல இருக்குண்ணே, வீடியோ அனுப்புறேன்" என்றார். வீடியோவும் வந்தது.

இந்த இனத்துக்கு நல்லபடியாக வளர்ப்பவர் அதிக விலை கேட்டால் அதில் நியாயம் உண்டு. தலை பெரிது, தாயின் இடுப்பெலும்பு குறுகல், அதனால் குட்டி தானாக வெளியே வருவது பெரும்பாடு. பிரிட்டனில் 2010-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், பிரெஞ்சு புல்டாக் பிரசவங்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் அறுவைச் சிகிச்சைதான் என்று தெரிந்தது. இயற்கையாக இணைவதே இவற்றுக்குச் சிரமம் என்பதால் பெரும்பாலும் செயற்கைக் கருவூட்டல். அதற்குச் சரியான நாளைப் பிடிக்கப் பெட்டை நாய்க்குப் புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோன் அளவு பார்க்கிற ரத்தப் பரிசோதனையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். கரு நின்றதா என்று ஸ்கேன், எத்தனை குட்டி என்று எக்ஸ்ரே, அப்புறம் அறுவை. இவ்வளவும் ஆகிக் கைக்கு வருவது பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு குட்டிகள். ஏழெட்டுக் குட்டி போடுகிற லாப்ரடாரில் பிரிந்துபோகும் செலவு இங்கே அந்த மூன்று தலையில்தான் விழும். மயக்கம் தெளியாத தாய் குட்டியின் மேல் படுத்துவிடாமல் ராத்திரியெல்லாம் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும், பால் ஊட்ட வேண்டும். இதை ஒழுங்காகச் செய்கிறவருக்குப் பெரிய லாபம் ஒன்றும் மிஞ்சாது என்பது என் எண்ணம்.

இறக்குமதி நாய் என்றால் இன்னொரு செலவு. புறப்படும் நாட்டின் சுகாதாரச் சான்று வேண்டும், நம் நாட்டின் இறக்குமதி அனுமதி வேண்டும். இந்த இனத்துக்கு மூச்சுத் திணறும் என்பதால் சரக்குப் பகுதியில் ஏற்ற மறுக்கிற விமான நிறுவனங்களும் உண்டு. ஆக இந்த விலைக்குப் பின்னால் இருக்கிற ஒவ்வொரு செலவுக்கும் ஒரு தாள் இருக்கும். ரத்தப் பரிசோதனை பில், அறுவை பில், அனுமதிக் கடிதம், பதிவுச் சான்றிதழ். நம்மிடம் வாங்குவது அந்தச் செலவெல்லாம் செய்த ஆளின் விலை. தாளைக் கேட்டால் மட்டும் கதை வருகிறது.

அடுத்தது அந்த ரேர் விஷயம். உலக நாய்ச் சங்கக் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ., பிரெஞ்சு புல்டாக்குக்கு 101-ஆம் எண் தரவிதி வைத்திருக்கிறது. அதில் ஃபான் (வெளிர் பழுப்பு), பிரிண்டில் (வரி வரியான நிறம்), வெள்ளைத் திட்டு உள்ளவை, இல்லாதவை என்றுதான் நிறம் வரும். இந்தச் சாம்பல் நிறம் தகுதியிழப்புப் பட்டியலில் இருக்கிறது. நம் நாட்டில் 1925-இலிருந்து இயங்கும் எம்.கே.ஏ. எனப்படும் மலேசிய நாய்ச் சங்கமும் அந்தக் கூட்டமைப்பைச் சேர்ந்ததுதான். கண்காட்சி மேடையில் ஏற முடியாத நிறத்துக்குத்தான் நாம் கூடுதல் பணம் கட்டுகிறோம். அரிது என்பதாவது உண்மையா? கறுப்பை வெளிறச் செய்கிற ஒரு மரபணு, தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால் குட்டி புளூ. இரண்டு புளூ நாய்களைச் சேர்த்துவிட்டால் பிறக்கிறதெல்லாம் வெளிறித்தான் பிறக்கும். வேண்டிய அளவுக்கு உற்பத்தி செய்யலாம். இந்த நிறத்து நாய்கள் சிலவற்றுக்கு வளர வளர முடி கொட்டி, தோல் புண்ணாகிற கோளாறும் வரும். மெர்ல் என்று புள்ளி புள்ளியாக ஒன்று விற்கிறார்களே, அது இந்த இனத்தில் இயல்பாக இல்லவே இல்லை, எங்கோ வேறு இனம் கலந்திருக்கிறது. இரண்டு மெர்லைச் சேர்த்தால் செவிடாகவோ குருடாகவோ குட்டி பிறக்கக்கூடும்.

அரிது என்று சொல்லியே விலை ஏற்றுவதற்கு எல்லை கிடையாது. 2014-ல் சீனாவில் ஒரு திபெத்திய மாஸ்டிப் குட்டி 12 மில்லியன் யுவானுக்குப் போனதாகச் செய்தி வந்தது. அதற்குப் பிறகு சில வருஷங்களிலேயே அந்த இனத்தின் சந்தை படுத்துவிட்டது, கேட்பாரற்றுக் கைவிடப்பட்ட நாய்கள் ஏராளம்.

சரி, எங்கள் குட்டிக்கு வருகிறேன். வாங்கிய மறுநாள் மிருக டாக்டரிடம் கொண்டுபோனோம். அந்த அம்மா முதலில் எடுத்தது சிப் ஸ்கேனர். கழுத்து, தோள், விலா, கால் என்று சிப் நகர்ந்திருக்கக்கூடிய இடமெல்லாம் தடவிப் பார்த்தார். ஒரு சத்தமும் இல்லை. அந்த ஆள் அனுப்பியிருந்த 15 இலக்க எண் யாருடைய நாயினுடையதோ. எம்.கே.ஏ. சான்றிதழ் மூன்று மாதத்தில் வரும் என்றிருந்தார். அதைக் கேட்ட டாக்டர், சிப்பே இல்லாத குட்டிக்கு எந்த எண்ணைப் போட்டுச் சான்றிதழ் வரும் என்று கேட்டார்.

அடுத்து தடுப்பூசி அட்டை. மருந்துக் குப்பியில் ஒட்டியிருக்கும் சின்ன லேபிளை உரித்து அட்டையில் ஒட்டுவதுதான் வழக்கம், தொகுதி எண் அதில்தான் இருக்கும். எங்கள் அட்டையில் லேபிள் ஒன்றுகூட இல்லை, எல்லாம் பேனா எழுத்து. பத்து வாரக் குட்டி என்று விற்றவர், அதே அட்டையில் ரேபிஸ் (வெறிநாய்க்கடி) ஊசியும் போட்டாகிவிட்டது என்று எழுதியிருந்தார். அந்த ஊசியைப் பொதுவாக மூன்று மாதத்துக்கு முன் போடமாட்டார்கள். அட்டையில் முத்திரை குத்தியிருந்த கிளினிக்குக்கு டாக்டரே போன் செய்தார். அப்படி ஒரு குட்டி எங்கள் பதிவில் இல்லை என்றார்கள். வாயைத் திறந்து பார்த்தால் பால் பற்களே முழுதாக முளைக்கவில்லை. எட்டு வாரத்தில் 28 பால் பற்களும் வந்திருக்க வேண்டும். ஆறு வாரம் இருந்தால் அதிகம் என்றார். தாயிடமிருந்து அவ்வளவு சீக்கிரம் பிரித்ததற்குக் காரணம் எனக்குப் புரிகிறது, சின்னதாக இருந்தால்தான் படத்தில் பொம்மை மாதிரி விழும்.

ரேபிஸ் விஷயத்தை இந்தப் பக்கத்து ஆட்கள் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2015-ல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மூன்றிலும் வெறிநாய்க்கடி நோய் வந்து என்ன பாடு பட்டோம், எத்தனை தெருநாய்களைக் கொன்றார்கள் என்பது மறந்திருக்காது. எல்லை தாண்டித் தாளில்லாமல் குட்டிகள் வருகிற வடக்கில் இருந்துகொண்டு, போடாத ஊசியைப் போட்டதாக எழுதுகிறவன் ஏமாற்றுவது வாங்குகிறவனை மட்டும் இல்லை.

சில நாளில் குட்டி சாப்பிடுவதை நிறுத்தியது. வாந்தி, அப்புறம் ரத்தத்தோடு வயிற்றுப்போக்கு. பார்வோ என்கிற வைரஸ் நோய். இந்தக் கிருமி உடம்புக்குள் போய் அறிகுறி காட்ட மூன்று நாளிலிருந்து ஒரு வாரம்வரை ஆகும், சில சமயம் அதற்கு மேலும். அதுவரை குட்டி துள்ளி விளையாடும். இந்த வியாபாரிகள் கொடுக்கிற 24 மணி நேரம், 48 மணி நேர உத்தரவாதத்தின் சூட்சுமம் இதுதான். நோய் வெளியே தெரிவதற்குள் உத்தரவாதம் முடிந்துவிடும். தனி அறையில் வைத்து டிரிப் ஏற்றி, குட்டி பிழைத்துக்கொண்டது. பில் 3,150 வெள்ளி. மூக்குத் துவாரம் இரண்டும் கீறல் மாதிரி ஒடுங்கியிருப்பதால் பிறகு ஓர் அறுவையும் தேவைப்படலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அது இந்த இனத்துக்கே உள்ள வினை. நெதர்லாந்தில் மூக்கின் நீளம் மண்டையின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது இல்லாத நாய்களை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2019-இலிருந்து கட்டுப்பாடு இருக்கிறது. நம் ஊர் மதிய வெயிலில் இவை படுகிற பாட்டைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சட்டத்தின் அர்த்தம் புரியும்.

விற்றவருக்குப் போன் செய்தேன். முதலில், "வீட்டுக்கு வந்ததும் தீனி மாத்திட்டீங்கண்ணே, அதான்." டாக்டரின் பரிசோதனை முடிவை அனுப்பியதும், "உயிருள்ள சாமானுக்கு யாருண்ணே கேரண்டி தர முடியும்?" கடைசியில், "சரி, கொண்டாங்க. வேற குட்டி தர்றேன், சாக்லேட் கலர். மேல ஆயிரம் மட்டும் போடுங்க." திருப்பிக் கொடுத்தால் இந்தக் குட்டியை என்ன செய்வீர்கள் என்று என் மனைவி போனை வாங்கிக் கேட்டாள். லைன் கட். அதோடு எங்கள் எண்ணை முடக்கிவிட்டார். அந்த மாற்றுக் குட்டியை வாங்கியிருந்தாலும் அதற்கும் நோய் தொற்றியிருக்கலாம். பார்வோ கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். குளோரோக்ஸ் (பிளீச்) கலந்த தண்ணீரில் கழுவாமல், தடுப்பூசி முடியாத இன்னொரு குட்டியை அந்த வீட்டுக்குள் விடக் கூடாது.

உயிருள்ள சாமான் என்ற பேச்சுக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 'பொருள்' என்பதற்குக் கொடுக்கிற விளக்கத்தில் பிராணிகளும் அடக்கம், மீன்கூட. விற்ற பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்ற பொறுப்பை, ரசீதில் 24 மணி நேரம் என்று எழுதிக் கழற்றிவிட முடியாது. மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்க ஐந்து வெள்ளிதான் கட்டணம், 50,000 வெள்ளிவரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். வக்கீல் வேண்டாம், நாமே பேசலாம். தீர்ப்பு வந்து 14 நாளுக்குள் எதிராளி அதன்படி நடக்காவிட்டால் அது குற்றம். ஒன்று மட்டும் கவனியுங்கள். எதிராளி வியாபாரியாக இருக்க வேண்டும். "நான் வீட்டுல சும்மா வளக்கிறவன்" என்று அவர் நழுவப் பார்ப்பார். அதனால் அவர் போட்ட எல்லா விளம்பரங்களையும், வேறு வேறு குட்டிகளுக்கு எழுதிய விலையையும் அழிப்பதற்கு முன்னே படம் பிடித்து வையுங்கள். எங்களுக்கு அதுதான் கை கொடுத்திருக்கிறது. பிராணி வியாபாரத்துக்கு உரிமம் வேண்டும் என்பது 2017 ஜூலையில் நடப்புக்கு வந்த பிராணிகள் நலச் சட்டத்தில் இருக்கிறது. கால்நடைச் சேவைத் துறைக்கும் ஒரு புகார் அனுப்பியிருக்கிறோம்.

பணம் அனுப்பச் சொல்லி ஒரு கணக்கு எண் வந்தால், அனுப்புவதற்கு முன் மோசடிக் கணக்குகளைத் தேடிப் பார்க்கிற போலீஸின் செமாக் மியூல் தளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். முன்பணத்தை வாங்கிக்கொண்டு குட்டியே தராமல் ஓடுகிற கூட்டம் தனி. அப்படிப் போனால் உடனே மோசடிப் புகார் எண் 997-க்கு அழைக்க வேண்டும், நேரம் போகப் போகப் பணத்தை முடக்குவது கஷ்டம்.

குட்டி பார்க்கப் போனால் தாய் நாயை நேரில் காட்டச் சொல்லுங்கள். வயிற்றில் தையல் தழும்பும், பால் மடியும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பிரசவத்தின் அறுவை பில்லைக் கேளுங்கள். அறுவை செய்யாத பிரசவம் என்றால் எந்த டாக்டர் பார்த்தார் என்று கேளுங்கள். சிப் எண்ணைப் படமாக வாங்காமல், பணம் கைமாறும் முன்பே ஏதாவது ஒரு கிளினிக்கில் ஸ்கேன் போட்டுப் பார்த்து, சான்றிதழில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒழுங்கான வளர்ப்பாளர் கிளினிக்குக்குக் கூடவே வருவார், அவருக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை. 'டீகப்' என்று மிகச் சின்னதாக விற்கிற பொமரேனியன் தேடுகிறவர்களுக்கும் இதேதான். டீகப் என்று எஃப்.சி.ஐ. பட்டியலில் ஒரு வகையே கிடையாது.

போன வாரம் எங்களுக்கு அனுப்பிய அதே தாய் நாய் வீடியோ வேறொரு பெயருள்ள பக்கத்தில் வந்திருக்கிறது. இந்த முறை லைலக் (வெளிர் ஊதாச் சாம்பல்) நிறக் குட்டிகளாம், தலைக்கு 12,000 வெள்ளி. அந்த வீடியோவில் பச்சைத் தகரக் கதவும், பின்னால் நீலத் தண்ணீர்த் தொட்டியும் தெரியும். அதைக் காட்டி உங்களிடம் யாராவது குட்டி விற்றிருந்தால், பணம் போன கணக்கின் விவரத்தோடும் புலன உரையாடலோடும் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். விசாரணைத் தேதி அடுத்த மாதம். ஒரே ஆள் பலருக்கு விற்றார் என்று காட்ட முடிந்தால், வீட்டில் சும்மா வளர்க்கிறேன் என்ற கதை அங்கே எடுபடாது.